கூழா மரம்: அடையாளம் காண்பதும் வளர்ப்பில் வரும் கோளாறுகளைத் தீர்ப்பதும்

திருகோணமலையில் ஓக் மரம் வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இமயமலைச் சரிவுகளிலும் நிற்கிற ஓக் இலங்கையில் இயற்கையாக எங்கும் இல்லை. அதன் கொட்டையை இணையத்தில் வாங்கி நிலாவெளி மணலில் ஊன்றினால் காசுதான் போகும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஓக் அல்ல, அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வேறு குடும்பத்து மரம். ஆங்கிலேயர் சிலோன் ஓக் என்று எழுதிவைத்தது நம்முடைய கூழாவைத்தான். தமிழ்நாட்டில் பூவம் என்பார்கள், சிங்களத்தில் கோன். தாவரவியலில் ஸ்லெய்செரா ஒலியோசா. அந்தப் பேரினத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான் உண்டு. றம்புட்டானுக்கும் நெய்க்கொட்டைக்கும் சொந்தக்கார மரம்.

உள்ளூர் மரம்தானே, நட்டால் தானாக வரும் என்று நினைத்து நடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து, கன்று நட்டபடியே நிற்கிறது, இலை கருகுகிறது, செத்துவிட்டதா தெரியவில்லை என்று வருகிறார்கள். பெரும்பாலும் மரத்துக்கு நோயே இல்லை. நட்ட காலம், வேர், தண்ணீர் இந்த மூன்றில் ஒன்று பிழையாகியிருக்கும், இல்லாவிட்டால் மரம் தன் இயல்புப்படி நடப்பதை நாம் நோய் என்று எடுத்துக்கொண்டிருப்போம். உங்கள் கன்றில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

இது கூழாதானா என்று சந்தேகம்

இலையைப் பிடித்து விரித்துப் பாருங்கள். ஒரு காம்பில் இரண்டு முதல் நான்கு சோடிச் சிற்றிலைகள் இருக்கும், அதிகமாகக் காண்பது மூன்று சோடி. நுனியில் தனி இலை இராது, சோடியாகவே முடியும். அடிச் சோடி சிறியது, நுனிச் சோடிதான் எல்லாவற்றிலும் பெரியது. சிற்றிலைக்குக் காம்பு இல்லையென்றே சொல்லலாம், நடுக்காம்போடு ஒட்டியிருக்கும். விளிம்பில் பல் கிடையாது.

நுனியில் ஒற்றை இலை நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் புங்கு. விளிம்பு வாள் போல வெட்டியிருந்தால் வேம்பு. சின்னச் சின்ன இலைகள் நிறைய இருந்தால் முதிரையாக இருக்கலாம். உண்மையில் ஆளை ஏமாற்றுவது நெய்க்கொட்டை மரம். அதுவும் சோடியாகவே முடியும், சோடிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இதேதான். வேறுபாட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நெய்க்கொட்டைச் சிற்றிலையின் நுனி உள்ளே சற்றுக் குழிந்திருக்கும், அடிப்பக்கம் மெல்லிய மயிர் கைக்குத் தட்டுப்படும். முற்றிய கூழா இலை இரண்டு பக்கமும் வழவழப்பு. காய் கிடைத்தால் சந்தேகமே இல்லை. நெய்க்கொட்டை இரண்டு மூன்று பிளவாக ஒட்டிக்கொண்டு வரும், தண்ணீரில் தேய்த்தால் நுரைக்கும். கூழாங்காய் ஒற்றையாக, முட்டை வடிவில், நுனியில் ஒரு கூரோடு இருக்கும். சில காயில் தோலில் மொட்டை முள் போல ஒன்றிரண்டு தட்டுப்படும்.

பெரிய மரத்தை கந்தளாய்ப் பக்கக் காடுகளில் பார்த்தால், அடிமரம் கட்டையாகவும் பள்ளமும் மேடுமாகவும் இருக்கும். பட்டை சாம்பல் நிறம், சிறு செதிலாக உரியும். உள்ளே சிவப்பு. தலை அடர்ந்து உருண்டிருக்கும். வைரம் அவ்வளவு கடினம் என்பதால் செக்குக்கும் உலக்கைக்கும் வண்டி அச்சுக்கும் தேடி வெட்டிய மரம் இது.

முளைத்து நாலைந்து இலை விட்ட கன்றை வைத்து எந்த முடிவும் கட்ட வேண்டாம். இன்னும் சில இலை வரட்டும்.

விதை போட்டேன், முளைக்கவில்லை

விதை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழம் கோடையில் பழுக்கும். மரத்தடியில் விழுந்து நாள்பட்டுக் கிடந்ததைப் பொறுக்கியிருந்தால் பாதிக்கு மேல் சொத்தையாக இருக்கும். ஒன்றிரண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு வெளிறி நிறைந்திருந்தால் நல்ல விதை. சுருங்கியோ கறுத்தோ தூளாகியோ இருந்தால் அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள்.

விதையைச் சுற்றியிருக்கும் புளிப்புச் சதையைக் கழுவாமல் ஊன்றுவது அடுத்த காரணம். எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். சதையைப் பிசைந்து கழுவி, மண்ணோடு தேய்த்து, மறுபடி கழுவி, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டு மற்றதை ஊன்றுங்கள். விதையின் பருமன் அளவு ஆழம் போதும். நாலு கிழமை வரை மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கிடையில் தோண்டித் தோண்டிப் பார்த்தால் வருகிற முளையும் ஒடிந்துவிடும்.

இன்னொன்று: பழத்தின் சதையை உப்புத் தொட்டுச் சாப்பிடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விதையை மென்று தின்னவிடக் கூடாது. அதில் சயனைட் நஞ்சு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அந்த விதையிலிருந்து ஆட்டிய மக்காசர் எண்ணெய் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தலைக்குப் பூசிய பெயர்போன எண்ணெய். நாற்காலியில் எண்ணெய்க் கறை படியாமல் தலை சாயும் இடத்தில் துணி போடும் வழக்கமே அதனால் வந்தது. அது தலைக்குப் பூசியது. வீட்டில் ஆட்டிச் சமையலுக்கு எடுக்கும் யோசனை வேண்டாம்.

ஒதுக்குக் காட்டுக்குள் போய்க் கன்று பிடுங்கி வருவதும் வேண்டாம். சட்டத்துக்கும் பிழை, பிடுங்கிய கன்றும் பிழைக்காது. அதன் ஆணிவேர் தண்டை விட நீளமாக இறங்கியிருக்கும், பிடுங்கும்போது பாதி மண்ணுக்குள் நின்றுவிடும்.

பையில் செழிப்பாக நின்ற கன்று, நட்டபின் அசையவே இல்லை

அதிகம் வரும் முறைப்பாடு இது. இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இயல்பு. கூழா முதல் வருடங்களில் மெல்ல வளரும் மரம். மேலே தெரிவதை விடக் கீழே வேர்தான் வேலை செய்யும். தண்டு பச்சையாக, மாரிக்கு ஒரு தடவையாவது புதுத் துளிர் வந்து, இலை நல்ல நிறத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வேம்பையோ முருங்கையையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மனம் சலிக்கும்.

மற்றது வேர்ச் சுருள். சின்னப் பொலித்தீன் பையில் ஒரு வருடத்துக்கு மேல் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, வளைந்து, பைக்குள்ளேயே கோழிக்குடல் போலச் சுற்றியிருக்கும். அதை அப்படியே குழிக்குள் இறக்கினால் வேர் சுருளை விட்டு வெளியே வராது. முதல் மாரியில் தெரியாது. மேல்மண் ஈரத்தில் பிழைத்து நிற்கும். அடுத்த கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் காலையில் நிமிர்ந்து மத்தியானம் தொங்கும், பிறகு நிமிராது.

சோதிப்பது லேசு. கன்றின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். நட்டு ஒரு மாரி கழிந்த கன்று மண்ணோடு இறுகி நிற்க வேண்டும். தளர்ந்து ஆடினால், பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி மண்ணை விலக்கிப் பாருங்கள். புது வேர் ஒன்றும் வெளியே வந்திருக்காவிட்டால் சுருள்தான்.

நட்டு ஒரு மாரிக்குள் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் மண்கட்டியோடு எடுத்து, சுற்றிய வேர்களைக் கூரான கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறி, அடியில் வளைந்த ஆணிவேரை வளைவுக்கு மேலே வெட்டி, இலையில் பாதியைக் கழித்து மறுபடி நடலாம். பிழைத்தாலும் பிழைக்கும். அதற்கு மேல் வயதென்றால் புதுக் கன்று வைப்பதுதான் என் யோசனை. வேர் கெட்ட மரத்தை ஏழெட்டு வருடம் வளர்த்து ஒரு காற்றுக்குக் கொடுப்பதை விட இது மேல்.

கன்று வாங்கும்போதே பையின் அடியைப் பாருங்கள். துளையால் தடித்த வேர் வெளியே வந்து தறித்த அடையாளம் இருந்தால் வாங்காதீர்கள். உயரமான கன்றை விடச் சின்னக் கன்றே நல்லது. நானாக இருந்தால் கோடையில் பழம் விழுந்ததும் நீளமான பையில் விதை போட்டு, நாலைந்து இலை வந்ததும் அந்த மாரியின் முதல் நல்ல மழைக்குப் பிறகே நட்டுவிடுவேன். நல்ல வேலி இருந்தால், மழை தொடங்கும்போது நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று விதை ஊன்றி, வந்ததில் திடமானதை விட்டு மற்றதைக் கழிக்கலாம். ஆணிவேருக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

நமக்குப் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைதான். மாசியில் நட்டுவிட்டு வாளியால் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் கோடை முழுவதும் அதே வேலையாக நிற்க வேண்டிவரும்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

எந்தப் பக்கத்து இலை கருகுகிறது என்று முதலில் பாருங்கள். தென்மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் கச்சான் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை உள்நாட்டைக் கடந்து சூடேறி வரும் காற்று இளம் இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்தப் பக்கத்தில் இரண்டு கதியால் நட்டு ஒரு கிடுகு கட்டிவிடுங்கள். இரண்டு கோடைக்கு இருந்தால் போதும்.

கடல் பார்த்த பக்கம் கருகினால் உப்புக் காற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலுக்கு நேரே முகம் காட்டும் வளவில் கூழா வைப்பது சரியான இடத்தெரிவு அல்ல. அங்கே பூவரசும் புன்னையும் நிற்கட்டும். கூழாவை வீட்டுக்குப் பின்னால், காற்று மறைவில் வையுங்கள்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் முதிர்ந்த இலையில் முதலில் கருகினால் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் ஆடி ஆவணியில் உவர்க்கும். வாயில் வைத்தாலே தெரியும். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பூச்சாடிகளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகவும் கெடுதல். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேல்மண்ணில் தங்கும். கிழமைக்கு ஒரு தடவை, நல்ல தண்ணீராக, இரண்டு வாளி ஒரேயடியாக ஆழ இறங்கும்படி ஊற்றுங்கள். அடியில் காய்ந்த இலையும் தும்பும் போட்டு மூடி வைத்தால் அதுவே பல நாளைக்குத் தாங்கும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டால் கறையான் ஏறும்.

கறையான் ஏறியிருந்தால் கருகல் இல்லாமலேயே கன்று திடீரென்று முழுதாக வாடும். அடித்தண்டில் மண் பூசினது போலிருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் பட்டை தின்னப்பட்டிருப்பது தெரியும். சுற்றிவர அரித்திருந்தால் மேல்பகுதி மிஞ்சாது. நிலத்தோடு வெட்டிவிட்டுப் பாருங்கள், வேர் உயிரோடு இருந்தால் கூழா அடியிலிருந்து மறுபடி தளிர்க்கக்கூடிய மரம்.

புதுத் துளிர் இரத்தச் சிவப்பாக வருகிறது

நோய் இல்லை. கூழாவின் அழகே அதுதான். பழைய இலையைக் கழித்துவிட்டுத் துளிர்க்கும்போது மரம் முழுவதும் சிவப்பாக எரிவது போல நிற்கும். சில நாளில் செம்புநிறமாகி, பிறகு பச்சையாகும். மருந்து அடிக்காதீர்கள். இளம் துளிரில் மருந்து பட்டால் அதனாலேயே கருகும்.

இலை முழுதும் கொட்டிவிட்டது

வளர்ந்த மரம் புதுத் துளிருக்கு முன் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்பது வழக்கம். கன்று கடும் கோடையில் கொட்டினால் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள். நுனியிலிருந்து தொடங்கி, கீழே கீழே வாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்த இடம் வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டு, மாரி வரும்வரை பொறுத்திருங்கள். அதுவரை பசளை எதுவும் போட வேண்டாம். அடிவரை மண்ணிறமாகக் காய்ந்திருந்தாலும் முதல் மழை கழியும்வரை பிடுங்க அவசரப்படாதீர்கள்.

இலை மஞ்சளாகிறது

தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயலோரத்தில் வைத்த கன்று மார்கழியில் மஞ்சளானால் தண்ணீர் தேங்குகிறது. குழியில் அலவாங்கைக் குத்தி இழுங்கள். துளையில் உடனே தண்ணீர் ஊறி, கெட்ட மணம் வந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் நிற்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்குங்கள், அடுத்த கன்றை முழங்கால் உயர மேடு போட்டு நடுங்கள்.

கரையோர மணலில், அதுவும் சிப்பி கலந்த இடத்தில், புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து வேருக்கு எட்டவில்லை. மண்ணில் சுண்ணாம்பு கூடினால் இப்படி நடக்கும். யூரியா போட்டால் தீராது. மக்கிய மாட்டெருவையும் இலைக் குப்பையையும் வருடாவருடம் மாரிக்கு முன் போட்டு வாருங்கள். குழி தோண்டும்போதே உள்நாட்டுச் செம்மண் இரண்டு மூன்று பை கலந்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

பழைய இலை மட்டும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

விடிந்தால் கன்றின் தலை இல்லை

வெட்டு ஒழுங்கில்லாமல் பிய்த்தது போல இருந்தால் மான் அல்லது ஆடுமாடு. கூழாத் துளிர் என்றால் அவற்றுக்கு உயிர். பிரெட்றிக் கோட்டையிலிருந்து நகரத் தெருக்கள் வரை புள்ளிமான் உலாவும் ஊரில் வேலியில்லாமல் கன்று வைப்பது வீண். ஒற்றைக் கம்பி போதாது, தலையை நுழைத்துவிடும். கன்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கதியால் நெருக்கி நட்டு முள்ளுக் கட்டுங்கள். உச்சித் துளிர் மானின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை அதை எடுக்க வேண்டாம்.

கடிபட்ட கன்று அடியிலிருந்து இரண்டு மூன்று கிளையாக வரும். நேரான ஒன்றை வைத்து மற்றதை வெட்டிவிடுங்கள்.

குச்சியில் செம்மண்ணிறப் பொருக்கு, கீழ் இலையில் கரி

பொருக்கை நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். பிசின் போல உடைந்து, சூடு காட்டினால் இளகினால் அது அரக்குப் பூச்சி. இந்தியாவில் கூழாவில் வளரும் அரக்கை உயர்ந்த தரமென்று தேடி வாங்குவார்கள். கீழ் இலையில் படியும் கரி, பூச்சி சொட்டும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம். பெரிய மரத்தில் ஒன்றிரண்டு கிளையில் இருந்தால் இருக்கட்டும். சின்னக் கன்றில் தண்டையே மூடியிருந்தால் அந்தக் குச்சியை வெட்டி எரித்துவிடுங்கள்.

மரத்தடியில் சிவப்புப் பூச்சிகள் கும்பலாக மொய்த்து, விழுந்த விதையில் ஊசிபோல மூக்கைக் குத்திக்கொண்டு நின்றால் அவை மரத்துக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. விதைதான் போய்விடும். விதை வேண்டுமென்றால் பழம் விழுவதற்கு முன் கொக்கத்தடியால் பறித்தெடுங்கள்.

பூக்கிறது, காய்க்கவில்லை

பூவே கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். இதழ் கிடையாது, மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப்பொடியாக, புதுத் துளிரோடு வரும். வருடாவருடம் பூத்தும் ஒரு காயும் நிற்காவிட்டால் அது ஆண் மரமாக இருக்கலாம். கூழாவில் ஆண் பூ மட்டும் பூக்கும் மரங்கள் உண்டு, அவற்றில் என்ன பசளை போட்டாலும் காய்க்காது. கன்றில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பழத்துக்காக வைப்பவர் ஒன்றோடு நிற்காமல், இடமிருந்தால் முப்பதடி இடைவெளியில் மூன்று நாலு வைக்க வேண்டும். ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் பக்கத்து வளவுக்காரரையும் வைக்கச் சொல்லுங்கள், பூச்சி வேலிக்கு மேலால் போய் வரும். ஆண் மரத்தைத் தறிக்க நினைப்பவர், சுற்றுவட்டத்தில் காய்க்கும் கூழா வேறு உண்டா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள். அந்த மரங்களுக்கு மகரந்தம் போவது இதிலிருந்தாக இருக்கலாம்.